தொட்டியில் ஊற்றிய பிளீச்

1

ஒரே வீட்டில் குடியிருக்கும் அண்ணியும் கொழுந்தனும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போகிறார்கள். முன் இருக்கையில் அவள், கடைசி இருக்கையில் அவன். பேச்சுவார்த்தை கிடையாது. அதைப் பார்த்த அன்றுதான் இந்தக் கதை பிடித்துக்கொண்டது. அவர்கள் ஏன் பேசுவதில்லை என்று எனக்குத் தெரியாது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: "சாயத் தண்ணீர் கண்ணீர் வடித்த—"

(அடித்துவிட்டேன். தண்ணீர் அழாது. நாறும்.)

மறுபடி. அண்ணிக்குச் சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் வேலை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் குடியிருந்து கழிவைத் தின்கின்றன. அவற்றுக்குக் காற்று ஊதி, பதம் பார்த்து, பெற்ற பிள்ளைகளைப் போலக் கவனித்துக்கொள்வாள். கொழுந்தன் அதே பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றுகிறவன். அந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் இவள்தான்.

3

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி தண்ணீரைச் சோதிக்க வருகிற நாள். தண்ணீரில் சிவப்பு போகவே இல்லை. அண்ணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் நின்றாள். கொழுந்தனுக்குப் பொறுக்கவில்லை. துணியில் சாயம் தப்பினால் அவன் என்ன செய்வான்? பிளீச் போடுவான். தொட்டியிலும் ஊற்றிவிட்டான்.

"பாருங்க அண்ணி, கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு!"

"எதைடா ஊத்துனே?"

"பிளீச்தான். இருந்த கேன் மொத்தமும். உங்களுக்காகத்தான்..."

"பாவி, எல்லாத்தையும் கொன்னுட்டியே! கலர்தான்டா போச்சு. அழுக்கு அப்படியே இருக்கு. அதைத் திங்கத்தான் இப்ப ஆளில்ல."

(இவனை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பாவமாகத்தான் இருக்கிறது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கில் முடித்தவன்.)

4

ஒரு முடிவு: அண்ணி அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். தொட்டி மறுபடி உயிர்பிடிக்கும்வரை பட்டறை மூடிக்கிடக்கும். கொழுந்தனுக்கு அங்கே வேலை போகும்; வேறு பட்டறைக்கு அதே பேருந்தில் போவான். அவன் அவளோடு பேச மாட்டான்.

இன்னொன்று: சொல்லவில்லை. தினமும் பிளீச் ஊற்றி, தெளிந்த விஷத்தை ஏரிக்கு அனுப்புவார்கள். அந்த ஏரித் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. அவள் அவன் முகத்தில் விழிக்க மாட்டாள்.

எப்படிப் பார்த்தாலும் பேருந்தில் மௌனம்தான். எது நடந்திருக்கும் என்று நான்—

தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மனம் வரவில்லை.

5

அதனால் அதிகாரி என்று ஒருவரை நான் படைக்கவில்லை. நீங்களே வாருங்கள்.

அண்ணி சோதனைப் பாட்டிலை உங்களிடம் நீட்டுகிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறீர்கள். தெளிவாக இருக்கிறது. அவளுக்குப் பின்னால் கொழுந்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவள் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள்.

கொஞ்சம் பொறுங்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று நீங்கள் முந்திக்கொண்டால், அவள் வாயை மூடிக்கொள்வாள்.