அண்ணி பேசாத பேச்சு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அண்ணியைப் பற்றிய ஓர் அரசு உத்தரவில் ஒரு வாக்கியத்தைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘செயற்கை நுண்ணறிவு இன்று மனித குலத்தின் முன் ஒரு மாபெரும்…’ வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

ஆளிலிருந்தே தொடங்குகிறேன். அண்ணி தேர்தல் அலுவலகத்தில் பொய்ச்செய்தித் தடுப்புப் பிரிவின் தலைமை அதிகாரி. பொய்யான காணொளியையோ ஒலிப்பதிவையோ நீக்கச் சொல்லி உத்தரவு போடுகிறவர். அந்த அதிகாரத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டவரும் அவரேதான். தன்னைப் பற்றிய பதிவை நீக்கும் உத்தரவில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதை உத்தரவிலேயே எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். இந்த விதிகளை எழுதி, மேலிடத்தோடு மல்லுக்கட்டி நிறைவேற்றியவர்.

2

வாக்குப்பதிவு நாள் காலை. ஆலைக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்பில் கைப்பேசிக்குக் கைப்பேசி ஒரு குரல் பரவியது: “உங்கள் பகுதியில் இயந்திரக் கோளாறு. வாக்குப்பதிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. வெயிலில் வந்து சிரமப்பட வேண்டாம்.”

அண்ணியின் குரல்.

(போலிகளை அடையாளம் காண்பது எப்படி என்று வானொலியில் மாதக்கணக்காகப் பேசியவர் அவர். குரல் திருடுகிறவனுக்கு அதைவிட நல்ல கிடங்கு ஏது?)

அலுவலகத்துக் கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்த்தார்கள். பல கைகள் மாறித் தேய்ந்த ஒலி. ‘முடிவு சொல்ல இயலாது’ என்று கைவிரித்துவிட்டது. துணை அதிகாரி அவசரப்பட்டார்.

“மேடம், நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா உடனே எடுத்துடுவாங்க.”

“என் குரல்ல வந்திருக்கு. நான் எப்படிப் போடுறது?”

“நீங்க பேசலைன்னு உங்களுக்கே தெரியுமே!”

“எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அண்ணி தன் நாற்காலியை விட்டு எழுந்து, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். “மத்தவங்களை விசாரிக்கிற மாதிரியே என்னையும் விசாரிங்க.”

விசாரித்தார். நேற்று யாரிடம் பேசினீர்கள், எங்கே இருந்தீர்கள், உங்கள் கைப்பேசி யார் யார் கையில் இருந்தது. அண்ணிக்குக் காது சிவந்துவிட்டதாம். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “நீங்க முடிவெடுக்கும்போது நான் இங்க இருக்கக் கூடாது” என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

(முதல் வரைவில் அந்தத் துணை அதிகாரியை வில்லனாக்கியிருந்தேன். அவர் ஏதோ ஒரு கட்சியிடம் ரகசியமாக… பொய், அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். கொஞ்சம் பயந்தவர், அவ்வளவுதான்.)

3

அண்ணி நேரே போனது அந்தக் குடியிருப்புக்கு. தெருமுனை டீக்கடையில் ஆட்கள் விடுமுறைக் களையில் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஓட்டுப் போடலையா? சாவடி திறந்துதான் இருக்கு.”

லாரி ஓட்டுநர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கதானம்மா வர வேணாம்னீங்க?”

“அது நான் இல்லைங்க.”

“குரல் அச்சு அசலா இருக்கே!”

பணிமுடிந்து வந்திருந்த ஒரு நர்ஸ் சிரித்தார். “அந்தம்மா இவங்களைவிடத் தன்மையாப் பேசினாங்க.”

கடையே சிரித்தது. அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் மாய்ந்து மாய்ந்து நிரூபிக்கவில்லை. அடையாள அட்டையை எடுத்து நீட்டவும் இல்லை.

“என்னை நம்பவே வேணாம். யாராவது ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வாங்க. பூட்டியிருந்தா என்னைத் திட்டுங்க, நின்னு வாங்கிக்கிறேன்.”

நர்ஸ்தான் எழுந்தார். அண்ணி வெயிலிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் திரும்பி வந்து, மை வைத்த விரலை எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். லாரி ஓட்டுநர் மீதி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “ஏய், கிளம்புங்கப்பா!” என்று குரல் கொடுத்தார். வீட்டுக்கு வீடு அவரே கதவைத் தட்டிக்கொண்டு போனார்.

எல்லாரும் வந்தார்களா? இல்லை. அந்தச் சேதியை நம்பி வெளியூர் கிளம்பிவிட்டவர்களை யாரால் கூப்பிட முடியும்?

4

மதியத்துக்குள் துணை அதிகாரியின் உத்தரவு வந்தது. பதிவு நீக்கப்பட்டது. காரணம் எழுதியிருந்தார்: ‘வாக்குச்சாவடிகள் அனைத்தும் இயங்குவதை நேரில் உறுதிசெய்தோம், எனவே செய்தி பொய். குரல் தலைமை அதிகாரியுடையது அல்ல என்பதை உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை.’

அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்த வாக்கியம்.

“என்ன அண்ணி இது? உங்க கீழ வேலை செய்யறவர் உங்களையே மாட்டிவிட்டுட்டாரே!”

“அவருக்குத் தெரிஞ்சதைத்தானே தம்பி அவர் எழுத முடியும்?”

“நீங்க அதை வெளியிடாம இருந்திருக்கலாமே?”

“அப்புறம் எதுக்கு விதி?” என்றார். பிறகு, “படிச்சப்ப வலிச்சுது. ஆனா அவரை நினைச்சா பெருமையாவும் இருந்துச்சு” என்றார்.

பதில் எழுத வந்தவன் அந்த இடத்தில்தான் பேனாவை மாற்றிப் பிடித்தேன்.

5

கதைக்கு முடிவுகள்.

குரலைத் திருடியவன் பிடிபடுகிறான். (பிடிபடவில்லை.)

அண்ணிக்குப் பதவி உயர்வு, மாலை, மேடை… (கேட்டால் அடிக்க வருவார்.)

நடந்தது இது: சொற்ப வாக்குகளில் தோற்ற வேட்பாளர் அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அண்ணியை நீக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார். விசாரணைக் குழு அமைத்துவிட்டார்கள். வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார் அண்ணி.

இதை முடிக்கும் உரிமை எனக்கு இல்லை. நான் அவர் வீட்டு ஆள். ஆகவே குழுவின் நடு நாற்காலியை உங்கள் பக்கம் இழுத்துப் போடுகிறேன். அண்ணி எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். உட்காருங்கள். கேளுங்கள்.