விரல் உறை

மார்ச் நான்காம் தேதி முற்பகலில், ரயில் மேம்பாலத்துக்குக் கீழே உள்ள பேக்கரியில், மாஸ்டர் புதிதாகச் செய்த காப்பி கேக்கின் ஓரத்தைப் பிட்டு வாயில் போட்டார். இரண்டு தெரு தள்ளி, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் காப்பி ஏப்பம் வந்தது. அவள் காப்பியை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. பசியும் ருசியும் அவரவருக்கு. உள்ளே இறங்கியபின் சாப்பாடு செய்கிற நல்லது கெட்டதெல்லாம் மற்றவர் உடம்புக்கு. மாஸ்டர் மாவோ வெண்ணெயோ பாகோ எதைக் கலக்கினாலும் ஆள்காட்டி விரலைத் தோய்த்து நக்கிப் பார்ப்பார். உடைந்த பிஸ்கட், கருகிய பன், மிஞ்சிய கிரீம் எல்லாம் அவர் வாய்க்குத்தான். ஆளோ ஒட்டடைக் கம்பு மாதிரி இருந்தார். "மாஸ்டர், நீங்க திங்கறதெல்லாம் எங்கதான் போகுது?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்பார்கள். "வீட்டுக்குப் போகுது" என்று அவர் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். காலையில் அடுப்படியில் அவருக்கு அடிக்கடி தலை சுற்றும். சூடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் அவள் கீரையும் பயறும் வெள்ளரிக்காயுமாக அரை வயிறு சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். ஒவ்வொரு பரிசோதனையிலும் சர்க்கரை ஏறித்தான் இருந்தது. ஒளித்துத் தின்கிறாள் என்று டாக்டரம்மா திட்டினார். மாஸ்டரும் அதையேதான் நினைத்தார். வீட்டுக்குக் கொண்டுவரும் பிஸ்கட் டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்தார். "சத்தியமா நான் தொடலைங்க" என்று அவள் சொன்னபோது, "அப்ப எலி வந்து தின்னுட்டுப் போச்சா?" என்று கேட்டவர் அவர்தான். அந்த வருடம் அவள் கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் பிரிந்து தொங்கத் தொடங்கின. தைத்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி அந்த நூலைப் பிடிக்கப் பார்ப்பாள்.

காப்பி ஏப்பம் வந்த ராத்திரி மாஸ்டர் புது கேக்கைப் பற்றிச் சொன்னதும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள், லாரி ஓட்டுகிற அவள் தம்பி சர்க்கரை பார்க்கும் கருவியோடு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பேக்கரிக்குப் போன் போட்டுக் கேட்டால், மாஸ்டர் பாகு நக்கிய நேரத்துக்கெல்லாம் இங்கே எண் எகிறியிருந்தது. சாயங்காலம் தம்பி மாமாவை வாசலிலேயே மறித்தான். "மாமா, நீங்க வாயை மூடினாத்தான் அக்கா கண்ணு திறக்கும்."

டாக்டரம்மா நிறைய பார்த்தவர். இருவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாற்காலியை மாஸ்டர் பக்கம் திருப்பிக்கொண்டார். "இத்தனை வருஷமா ஆள் மாத்தித் திட்டியிருக்கேன்" என்றார். மாத்திரையை இனி அவர்தான் விழுங்க வேண்டும். அவர் சாப்பாடு மாற வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு, மீதி பயறோ முட்டையோ. மென்று மெதுவாகச் சாப்பிட வேண்டும், இருட்டுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். ஜூன் கடைசிக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் கண்ணுக்குள் கசிகிற ரத்தத்தை நிறுத்த முடியாது.

மாஸ்டர் டிபன் டப்பா எடுத்துப்போகத் தொடங்கினார். ஒவ்வொரு வாயையும் வெடிகுண்டைத் தொடுவதுபோல் யோசித்து விழுங்கினார். தலைசுற்றல் நின்றது. வாயைக்கூட அடக்க முடிந்தது, விரலைத்தான் அடக்க முடியவில்லை. அது அவரைக் கேட்காமலே பாத்திரத்துக்குள் போய்த் திரும்பி வாய்க்கு வந்தது. அவள் துணிமிச்சத்தில் அந்த விரலுக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். வெண்ணெய்ப் பிசுக்கு ஏறியதும் புதிதாக ஒன்று. கண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் என்ன வருமோ என்று பயம். காலையில் உறையை மாட்டிக்கொண்டு தையலைத்தான் பார்ப்பார். ஏப்ரல் முழுக்கத் தையல் குடிகாரன் நடைபோல் கோணலாகப் போனது. பிறகு கொஞ்சம் நேரானது. அவர் கொஞ்சம் தூங்கினார்.

மே மாதத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பெரிய கேக் ஆர்டர் வந்தது. புழுக்கம் தாங்காமல் வியர்வையைத் துடைக்க உறையைக் கழற்றினார். கிரீம் பாத்திரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. விரல் ஒருமுறை போய்வந்தது. நாக்குக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சுதாரித்தபோது பாத்திரத்தில் பாதி இல்லை.

மேலங்கியோடு வீட்டுக்கு ஓடினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சிவப்பா ஒரு திரை விழுந்திருக்குங்க" என்றாள். பிறகு, "கிரீமா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். அவளுக்கு அது தெரியவில்லை. "கிரீமான்னு கேட்டேன்" என்றாள் மறுபடியும். அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. "ஆமா."

அவள் சத்தம் போடவில்லை. "வாய்க்குப் பிடிக்காத கீரையைத் தின்னு தின்னு இருபது வருஷமா உங்க உடம்பை நான் காப்பாத்தியிருக்கேன். பரண்மேல டப்பாவைக் கட்டி வச்சீங்களே, அன்னைக்கு ராத்திரிகூடக் கீரைதான் தின்னேன். கோபத்துல ஒரு மாசம் கண்டதையும் தின்னிருந்தா நீங்க இப்ப இப்படி ஓடி வந்திருப்பீங்களா?"

மறுநாள் அவர் முதலாளியிடம் போய் கேக் மேசை வேண்டாம் என்றார். "ருசி பார்க்காத மாஸ்டரை வச்சு நான் என்னய்யா செய்ய?" என்று முதலாளி கத்தினார்; கத்தி முடித்து, ரொட்டி அடுப்புக்கு அனுப்பினார். புது உறை வரவில்லை. தைக்கக் கண் வேண்டுமே. மாஸ்டர் பழைய உறையையே தினமும் துவைத்துக் காயப்போட்டு, ரொட்டி அடுப்பிலும் மாட்டிக்கொண்டார். வீட்டில் சமையல் மேடையில் நின்று காய் நறுக்கினார். சிவப்புத் திரை விலகியதா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் காயை வாயில் போட்டு மென்றார். எதிரே அவளும் மென்றாள்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி காலையில் டிபன் டப்பாவின்மேல் ஒரு புது உறை இருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் பொடிப்பொடியாக, கோடு போட்டதுபோல் போயிருந்தது. முடிச்சுப் போட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

டாக்டரம்மா வலது கண் தப்பித்தது என்றார். இடது கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பியது. அது அப்படியே இருக்கிறது. மாஸ்டர் இன்னும் ரொட்டி அடுப்பில்தான் வேலை பார்க்கிறார். விரலில் உறை இருக்கிறது. போன வாரம் அவருக்கு இருமல். மருந்தை அவள் குடித்தாள். மூன்றாம் நாள் நின்றது.