இரண்டு சென்டிமீட்டர் சுத்தம்

நான் நில அளவைக்காரன். சாட்டிலைட்டை வைத்து இரண்டு சென்டிமீட்டர் சுத்தமாக இடம் சொல்வேன் என்று காப்பிக்கடைகளில் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவன். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பண்டார் தெங்காரா ஊர்ப் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டம். அதை ஒட்டிச் சந்திரமதி அக்காவின் சொந்த மனையும் வீடும். அவருடைய சமையலறை தோட்டத்து நிலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அளந்து சொல்லத் தோட்டக் கம்பெனி என்னை அனுப்பியது. நீட்டியிருந்தால் இடித்தாக வேண்டும்.

அங்கே போன் லைன் கிடையாது; இணையம் வழியாக இடத்தைத் திருத்திக்கொள்ள முடியாது. அரசாங்கம் அளந்து பதிந்த எல்லைக்கல் ஒன்றின்மேல் ஒரு கருவியை நிறுத்தினால், அந்தக் கல்லை நம்பித்தான் கையிலிருக்கும் இன்னொரு கருவி மற்ற இடங்களைச் சொல்லும். அந்தக் கல் அக்கா வீட்டு வாசலருகே மஞ்சள் குங்குமத்தோடு நின்றது.

"செருப்பக் கழட்டிட்டு வைங்க தம்பி. சாமிலா அது," என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டே கழற்றினேன். கருவியை நிறுத்திய பத்தே வினாடியில் இரண்டு சென்டிமீட்டர் சுத்தம் என்று திரை காட்டிவிட்டது. கையிலிருந்த கருவியோடு போய் அளந்தால், சமையலறை ஒன்றரை மீட்டர் தோட்டத்துக்குள்!

இன்னொரு கல்லிலும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அது செம்பனைகளுக்கு அடியில் கிடந்தது. மட்டைகள் வானத்தை மறைத்ததால் கருவி அரைமணி நேரம் திணறியது. கொசு வேறு பிடுங்கியது. போதுமடா சாமி என்று வெளியே வந்து, சரிபார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வேலிக்குக் குறி அடிக்கப் போனேன். சமையலறை இருந்த இடத்தில் கல்லும் மண்ணும் கிடந்தன. அக்காவே ஆள் வைத்து இடித்திருந்தார். வாசலில் கேஸ் அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தவர் எனக்குத் தேத்தண்ணி கலக்கினார்.

"சாட்டிலைட்டே சொல்லிடுச்சு. அப்புறம் என்னா பேச்சு?" என்றார்.

எனக்கு ஒருமாதிரி இருந்தது. பேச்சை மாற்ற, அந்தக் கல் எப்படிச் சாமியானது என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரருதான் பொட்டு வெச்சுக் கும்பிட ஆரம்பிச்சாரு. முன்ன அந்தப் பள்ளத்துல கெடந்துச்சு. மழைத்தண்ணியில சாமி முங்குதேன்னு தோண்டி எடுத்து, அஞ்சடி தள்ளி மேட்டுல நட்டாரு."

அலமாக்! அஞ்சடி என்றால் ஒன்றரை மீட்டர். கல் நகர்ந்தால் நான் அளந்தது எல்லாமே நகரும். செம்பனைக்கு அடியில் கிடந்த கல்லில் சரிபார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவருடைய அடுப்படி கடைசிவரை அவருடைய மண்ணில்தான் நின்றிருக்கிறது.

வாய் தவறி, "கல்லை நகர்த்தினால் கணக்கே மாறிடுமேக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. "அப்ப வீடு சரியாத்தான் இருந்துச்சா?" என்றார். கண் கலங்கிவிட்டது. "அப்பவே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், சாமியத் தொடாதீங்கன்னு. போய்ச் சேந்த மனுசனத் திட்டி என்னா ஆவப்போவுது? எங்க தப்புதான், இல்ல தம்பி?"

அறிக்கையைத் திருத்த வழி இருந்தது. திருத்தினால், சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டது வெளியே வந்து என் லைசன்ஸ் போய்விடும்.

"ஆமாக்கா," என்றேன்.