மேலேயிருந்து ஒரு சத்தம்

திரையில் முதலில் தெரிந்தது துண்டுதான்.

பச்சைக் கட்டம் போட்ட துண்டு. பள்ளத்து நீரோட்டத்தின் ஓரம், இரண்டு பாறைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை அதை ஆட்டிக்கொண்டிருந்தது. இல்யாஸ் ட்ரோனை இன்னும் கொஞ்சம் இறக்கினான். கைக்குப் பின்னால் ஒரு கிழவர் தெரிந்தார். உட்கார்ந்திருந்தார். வலது கால் மட்டும் ஒரு கால் மடங்கக்கூடாத பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"எங்கப்பா," என்றாள் மெர்சி. "பாய், எங்கப்பாதான். உசுரோட இருக்காரு."

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து வாழைத் தோட்டம் ஒன்றின் மோட்டார் ரூம் மொட்டை மாடியில் இருவரும் நின்றிருந்தார்கள். அந்தத் தோட்டத்துக்குத்தான் மெர்சியின் அப்பா ஐயாசாமி காவல்காரர். நேற்று மத்தியானம் ஓடிப்போன ஆடுகளைத் தேடிக் காட்டுக்குள் ஏறினார். ஆடுகள் சாயங்காலமே தாமாக இறங்கி வந்து பட்டியில் நின்றுகொண்டன. ஐயாசாமி வரவில்லை.

வனத்துறை ஆட்களும், மெர்சியின் புருஷன் அன்புமணியும், ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் விடிந்ததும் தெற்குச் சரிவில் தேடப் போனார்கள். ஆடுகள் அந்தப் பக்கமாகத்தான் இறங்கி வந்தன என்பது காரணம். மெர்சிக்கு அதில் நம்பிக்கை இல்லை. கல்யாண ஆல்பத்தின் பின்னட்டையிலிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். கணபதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் இல்யாஸ், போன வருஷம் அவள் கல்யாணத்தை மேலேயிருந்து படம் பிடித்தவன். அன்றைக்கு மண்டபத்து வாசலில் நின்று ட்ரோனைப் பார்த்துத் துண்டை ஆட்டிய மனிதர் இதே ஐயாசாமிதான்.

காப்புக்காட்டுக்கு மேல் ட்ரோன் விடக்கூடாது. பாரஸ்டர் பாலுசாமி காலையிலேயே சொல்லிவிட்டார். மனுசன் காணாமல் போனாலும் அனுமதி அனுமதிதான். மீறினால் கேஸ், மெஷின் பறிமுதல். இல்யாஸ் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தான். மெர்சி அழுத அழுகை அப்படி.

இப்போது கிடைத்துவிட்டார்.

"பக்கத்துலயே தண்ணி இருக்குதுங்கக்கா. அதான் தாக்குப்புடிச்சிருக்காரு. இன்னுங் கொஞ்சம் எறக்கி முகத்தக் காட்டறேன், பாருங்க."

அதுதான் அவன் செய்த முதல் தப்பு. ட்ரோன் மலை மடிப்புக்குப் பின்னால் இறங்கியதும் திரை ஒரு முறை துடித்து உறைந்தது. இணைப்பு போய்விட்டது.

"என்னாச்சுங்க?"

"பயப்படாதீங்க. சிக்னல் போனா அதுவே மேல எந்திரிச்சுத் திரும்பி வந்துரும். அப்படித்தான் செட் பண்ணி..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. திரும்பி வரும் உயரம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்து வேலைக்காக அதை நாற்பது மீட்டரில் வைத்திருந்தான். மாடிக் கட்டடத்துக்கும் கரெண்டு கம்பிக்கும் நாற்பது தாராளம். ஆனால் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்காகும் உயரம். நடுவில் ஒரு மலை நிற்கும் என்று எந்தக் கல்யாணக்காரனும் நினைப்பதில்லை.

திரை ஒரே ஒரு நொடி உயிர் பெற்றது. சாய்ந்த வானம், ஒரு பாறை, நிறைய இலை. பிறகு சாம்பல் நிறம்.

வரைபடத்தில் சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சியது. பள்ளத்துக்கு மேலே, செங்குத்தான சரிவின் பாதியில்.

மெர்சி அதற்குள் போனை எடுத்திருந்தாள்.

"யாருக்குக்கா?"

"எங்க ஊட்டுக்காரருக்கு. பாத்துட்டோம்னு சொல்ல வேண்டாமுங்களா?"

"எதுல பாத்தீங்கன்னு கேப்பாங்களே. பாரஸ்டர் பக்கத்துலயே நிப்பாரு." இல்யாஸ் குரலைத் தணித்தான். "ட்ரோன் எடுத்துட்டுப் போயிருவாங்கக்கா. இந்த மாசம் பூராவும் முகூர்த்தம். அது இல்லாம ஒரு பார்ட்டியும் என்னயக் கூப்புடாது. நாமளே போயிரலாமே. அவங்க தெக்கால இருந்து மலையச் சுத்தி வரோணும். நாம இப்படி நேரா ஏறுனா சீக்கிரமாப் போயிரலாம். அப்பாவப் பாத்த பொறவு போன் போட்டு, தேடிட்டு வந்தோம், கெடைச்சுட்டாருன்னு சொல்லிக்கலாம்."

அவன் சொன்ன தூரக் கணக்கு உண்மைதான். மெர்சி மலையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள்.

"சீக்கிரமா நடங்க அப்ப," என்றாள்.

தோட்டத்துக் கரெண்டு வேலியைத் தாண்டி முள் அடர்ந்த உண்ணிச்செடிப் புதருக்குள் ஒற்றையடிப் பாதை ஏறியது. மெர்சி முன்னால் போனாள். பம்ப்செட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவள். இன்றைக்கு இல்யாஸால் அவளை எட்டிப் பிடிக்க முடியவில்லை. மாசி வெயில் பாறையிலிருந்து முகத்தில் அடித்தது.

பாதை திரும்பும் இடத்தில் அவள் சட்டென்று நின்று, பின்னால் கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்தாள்.

கீழே மூங்கில் பக்கம் ஒரு கிளை ஒடிந்தது. பிறகு இன்னொன்று. சாம்பல் நிற முதுகு ஒன்று நகர்ந்தது. அதன் காலுக்குள் ஒரு குட்டி.

"ஆனை," என்றாள் மெர்சி, மூச்சுக்குள்ளேயே. "குட்டியோட நிக்குது. அசையாதீங்க."

பக்கத்திலிருந்த உயரமான பாறையில் ஓசையில்லாமல் ஏறி உட்கார்ந்தார்கள். பாதை முழுவதும் அவற்றுடையது. நாலா, ஐந்தா, தெரியவில்லை. அவசரம் எதுவும் இல்லாமல் மூங்கிலை உரித்துத் தின்றுகொண்டிருந்தன.

அப்போது இல்யாஸின் மடியிலிருந்த ரிமோட் லேசாக அதிர்ந்தது.

இணைப்பு. ஒரே ஒரு கோடு. பாறையின் உயரத்துக்கு எப்படியோ ட்ரோனின் சிக்னல் எட்டியிருந்தது. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. அது சாகவில்லை.

திரையின் ஓரத்தில், தொலைந்த ட்ரோனைக் கண்டுபிடிக்கும் பொத்தான். அழுத்தினால் விளக்கு மின்னும், விடாமல் கத்தும். அவ்வளவு உண்ணிப் புதருக்குள் கத்தாத ட்ரோனை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் வனத்துறை வாட்சர் எவனாவது கையில் சிக்கும்.

மெர்சி யானைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்யாஸ் பொத்தானை அழுத்தினான்.

மலையின் எங்கோ ஒரு மடிப்பிலிருந்து அது மெல்லியதாகக் கேட்டது. பீப். பீப். பீப். அடுத்த நொடியே கோடு மறைந்தது. இணைப்பு போனது, சத்தம் நிற்கவில்லை. நிறுத்துவதற்கு மறுபடி இணைப்பு வேண்டும்.

மெர்சி தலையைத் திருப்பினாள். "அதென்ன பறவைங்க?"

"தெரியலீங்கக்கா," என்றான் இல்யாஸ்.

நிழல் பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது. யானைகள் போகவில்லை. குட்டி படுத்துத் தூங்கவே ஆரம்பித்துவிட்டது. மெர்சி உதட்டைக் கடித்தபடி இருந்தாள். பிறகு, அவனைக் கேட்காமலேயே போனை எடுத்தாள்.

"அக்கா, ஒரு நிமிசம்..."

"உடுங்க பாய். கேசு போட்டா நான் வந்து சொல்றேன், நாந்தான் உடச் சொன்னேன்னு. என்னயப் புடிச்சுப் போட்டுக்கட்டும்." அன்புமணி எடுத்துவிட்டான். "ஏனுங்க, அப்பா கெடைச்சுட்டாரு. பள்ளத்துல இருக்காரு. கால் ஒடிஞ்சிருக்குது. ஆமாங்க, பாத்தேன். இல்யாஸ் பாயி ட்ரோனு உட்டாரு. பாரஸ்டர்கிட்டக் குடுங்க."

பாலுசாமி திட்டவில்லை. ரெண்டு பாறை, நடுவில் நீர், பக்கத்தில் சாய்ந்த மரம் என்று அவள் சொல்லச் சொல்ல, "அட, சங்கிலிப் பள்ளமுங்க அது. எடம் தெரியும். மேல வழியா எறங்கிர்றோம். உங்க பக்கம் ஆனைய வெரட்ட ரெண்டு பேர அனுப்பறேன். அந்த மனுசன் தண்ணிய உட்டு நகராம இருந்தாப் போதும், தூக்கிரலாம். இத மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மணி?" என்றார்.

மெர்சி போனை வைத்தாள். இல்யாஸ் பக்கம் பார்க்கவில்லை.

கீழே வெடி வெடித்தது. யானைகள் முனகிக்கொண்டே வடக்கே ஒதுங்கின. இருவரும் ஓடினார்கள்.

சங்கிலிப் பள்ளத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாலுசாமியும் அன்புமணியும் வாட்சர்களோடு முன்பே வந்திருந்தார்கள். ரெண்டு பாறை இருந்தது. நீர் இருந்தது. சாய்ந்த மரம் இருந்தது.

ஐயாசாமி இல்லை.

"இங்கதாங்க இருந்தாரு," என்றாள் மெர்சி. "சத்தியமா இங்கதான்."

"இருந்திருக்காரு," என்றார் பாலுசாமி. மணலைக் காட்டினார். ஒரு உடம்பு இழுபட்ட தடம். இரண்டு பக்கமும் முழங்கை ஊன்றிய குழிகள். தடம் நீரை விட்டு விலகி, எதிர்ச் சரிவில் ஏறியது. "இது எனக்குப் புரியலீங்க. காலு ஒடிஞ்ச மனுசன். தண்ணி இங்க. நெழலு இங்க. பள்ளத்தோட போனாலாச்சும் எறக்கம். அத உட்டுப்போட்டு இந்த வெயில்ல மேட்டுக்கு எதுக்குங்க ஏறுனாரு?"

யாருக்கும் தெரியவில்லை. ஒருவனைத் தவிர.

மேலேயிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. இங்கே அது மெல்லியதாக இல்லை. பீப். பீப். பீப். மனிதர் செய்த சாமானின் சத்தம். காட்டில் வேறு எதுவும் அப்படிக் கத்தாது. ட்ரோனைத் தெரிந்த ஒரு கிழவர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? ஆள் வந்துவிட்டது, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார்.

அன்புமணி தடத்தைப் பிடித்து ஏறினான். மற்றவர்கள் பின்னால். உண்ணி முள்ளில் பச்சைத் துண்டின் நூல் சிக்கியிருந்தது. பாறை தொட்டால் சுட்டது. பாதி வழியில் தடத்தோடு கறுத்த ஈரமும் சேர்ந்துகொண்டது. முழங்கைகள் கிழிந்திருக்க வேண்டும்.

கிடைத்துவிட்டார்.

சரிவின் பாதியில், ஒரு பாறைத் திட்டின் விளிம்பில் குப்புறக் கிடந்தார். ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. அந்தக் கைக்கு எட்டாத இடத்தில், புதருக்குள், இறக்கை ஒடிந்த ட்ரோன் விளக்கை மின்னவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

அன்புமணி அவரைப் புரட்டினான். பாலுசாமி கழுத்தில் விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சூடு இன்னும் ஆறலீங்க," என்றார். தொப்பியைக் கழற்றினார்.

மெர்சி அப்பாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வாயோரம் காய்ந்து வெடித்திருந்தது. ட்ரோன் கத்தியது. ஒரு வாட்சர் அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார், தட்டினார், ஒரு பொத்தானும் பிடிபடவில்லை.

"அட, அத நிறுத்துங்கப்பா," என்றார் பாலுசாமி.

இல்யாஸ் போனை எடுத்தான். ரிமோட்டில் சொருகினான். எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. பொத்தானைத் தொட்டான்.

சத்தம் நின்றது.

அது நின்ற பிறகுதான் மெர்சி நிமிர்ந்தாள். அவன் கையைப் பார்த்தாள். ட்ரோனைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை.

"பறவைன்னு கேட்டனே," என்றாள்.

இல்யாஸ் ரிமோட்டைத் தாழ்த்தினான்.

"எப்பங்க போட்டீங்க?"

"பாறை மேல... உக்காந்திருந்தப்போ."

"அப்ப எங்கப்பா தண்ணிகிட்ட இருந்தாரு."

"ஆமாங்கக்கா."

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். துண்டை உதறி அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். முழங்கையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். வாட்சர்கள் இரண்டு மூங்கிலை வெட்டி, வேட்டியைக் கட்டித் தூளி செய்தார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, யானை திரும்புவதற்குள் கீழே போக வேண்டும்.

"நாலு மூலைக்கு நாலு பேரு," என்றார் பாலுசாமி. "எறக்கமுங்க, ஒரு கை கொறையுது. தம்பி, நீங்க வாங்க."

இல்யாஸ் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து குனிந்தான். மூங்கில் முனையில் கை வைத்தான்.

"பாய்," என்றாள் மெர்சி. குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க வேண்டாமுங்க."

அவன் கையை எடுத்தான். அந்த முனையை அவளே தூக்கினாள்.