கப்பல் வரும்வரை கொடுக்கக் கூடாத கட்டுரை

1

இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. எங்கள் தீவின் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, புது வீடு வாங்குகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார்கள். நான் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். டாலிகஞ்சில் வாடகை வீடு. சொந்த வீடு வாங்கிய அனுபவம் கிடையாது. ஆனால் என் தோழி ஹுஸ்னா வீடு பார்க்கப் போனபோது கூடப் போயிருந்தேன். அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'வீடு என்பது மனிதனின் வாழ்நாள் கனவு, ஆகவே

(ஆகவே என்ன? அதற்கு மேல் பேனா நகரவில்லை.)

இரண்டாவது முயற்சி: 'குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.' இது பரவாயில்லை. ஆனால் இதை எழுதி முடித்ததும் வாளியோடு ஹுஸ்னா வந்து நின்றுவிட்டாள். அதோடு கட்டுரை போயிற்று.

2

ஹுஸ்னாவும் அவள் கணவர் ஜாஹிரும் பஜாரில் ஃபேன்சி கடை வைத்திருக்கிறார்கள். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகள்தான். கராச்சர்மாவில் பக்தவத்சலம் என்ற கான்ட்ராக்டர் கட்டி முடித்த புது வீட்டை ஜாஹிர் நல்ல வெயிலில் போய்ப் பார்த்தார். பிடித்துவிட்டது. அன்றைக்கே பேசி முடிக்கத் தயாராகிவிட்டார். ஹுஸ்னா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வெயில்ல ஒழுகுற வீடு ஏதாச்சும் உண்டா அக்கா? மழை வரட்டும், போவோம்."

மழை வந்தது. ஜாஹிர் கடையில் இருக்க, நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

3

பக்தவத்சலத்தை எப்படி எழுதுவது என்று எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவர் விரலில் ஒரு தடித்த மோதிரம் போட்டேன், வாயில் பான் அடக்கினேன், பேச்சில் கொஞ்சம் நெய் தடவினேன். (மோதிரம் என் கற்பனை. அவர் கையில் சிமெண்டில் காய்த்துப்போன விரல்கள்தான் இருந்தன.) நிஜத்தில் அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். நனைந்து வந்த எங்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

ஹுஸ்னா வாளித் தண்ணீரை ஊற்றினாள். அது வடிகாலுக்குப் போகாமல் படுக்கையறை வாசலை நோக்கி நடந்தது.

"அண்ணே, தண்ணிக்கு வழி தெரியலை போல."

"உடைச்சு வாட்டம் சரிபண்ணிக் குடுத்துடுறேன்மா."

வீட்டுச் சாவியால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மூலையில் இருந்தவை காலி டப்பா போல ஒலித்தன. அடியில் கலவை சரியாகப் பரவவில்லை என்றாள். மாற்றிவிடலாம் என்றார். ஜன்னல் கதவு ஒன்று திறக்கவில்லை. இழைத்துவிடலாம் என்றார்.

"இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"நான் குடியிருந்த வீடுங்க சொல்லிக் குடுத்ததுதான். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி ஒழுகும்."

(எதற்கும் மறுத்துப் பேசாத கான்ட்ராக்டரை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? இந்த இடத்தில்தான் நான் கதையைக் கைவிட நினைத்தேன்.)

படுக்கையறையில் ஹுஸ்னா அண்ணாந்து பார்த்தாள். மேல்தளத்தின் அடியில் பழுப்பாக ஒரு கோடு.

"பெயிண்ட் கறைம்மா."

"கறை ஸ்கேல் வச்ச மாதிரி நேராவா போகும்? கம்பி போற வழியில போகுதுண்ணே. உள்ளே துரு புடிக்குது. மணல் எங்கே எடுத்தீங்க?"

அவர் அண்ணாந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"மெயின்லேண்டுலேருந்து மணல் வர்ற வரைக்கும் காத்திருந்தா வேலை நடக்குமா? கடலோரத்து மணல்தான். உப்புப் போக நல்லாக் கழுவித்தான் போட்டேன். என் வீட்டுக்கும் அதே மணல், அதே கொத்தனார். அடுத்த தெருதான். சலோ, வந்து பாருங்க. ஏமாத்துறவன் தன் தலைக்கு மேலேயா அதைப் போடுவான்?"

4

அவர் மனைவி வைஜெயந்தி டீ போட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். வந்த காரணத்தைக் கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார்:

"பிள்ளைங்க ரூம்ல தினமும் மெத்தை மேல செம்மண்ணு மாதிரி தூள் விழுது. பல்லி பண்ற வேலைன்னு கூட்டித் தள்ளிட்டிருக்கேன்."

பக்தவத்சலம் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதிலேருந்து."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"தூசிக்கெல்லாமா உங்களைக் கூப்பிடுவேன்?"

அவர் அந்த அறைக்குள் போய், துடைப்பத்தின் கட்டையால் மேல்தளத்தை லேசாகத் தட்டினார். இரண்டாவது தட்டில் தாம்பாளம் அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து தலையணை மேல் விழுந்தது. மேலே கம்பிகள் தெரிந்தன. துருவில் ஊதி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்திருந்தன.

(ஒரு வரைவில் கட்டிலில் குழந்தையைப் படுக்க வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அந்தத் தலையணையே போதும்.)

அவர் தலையணைகளை எடுத்து வெளியே வைத்தார். கட்டிலைத் தனியாகவே ஹாலுக்கு இழுத்தார். நாங்கள் பிடிக்கப் போனபோதும் விடவில்லை. அறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"இதே மணல்ல ரெண்டு வீடு வித்திருக்கேன்" என்றார், மனைவியைப் பார்த்து.

பஸ்ஸில் திரும்பும்போது ஹுஸ்னா சொன்னாள்: "அந்தத் தூளைப் பத்தி அவங்க சொன்னப்ப எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு அக்கா. பாத்தியா, நான் சொன்னதுதான் சரின்னு. அப்புறம் அந்தத் தலையணையைப் பாத்தேன்."

5

இதற்குப் பிறகு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பக்தவத்சலம் கோட்டின் மேல் பெயிண்ட் அடித்து வேறு யாருக்கோ விற்றுவிடுகிறார். இன்னொன்றில் ஹுஸ்னா புகார் கொடுக்கிறாள், போலீஸ் வருகிறது, அவர்

இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இதுதான். ஹுஸ்னா அந்த வீட்டை வாங்கவில்லை. ஜாஹிர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பக்தவத்சலம் தன் வீட்டுத் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, குடும்பத்தை மாயாபந்தரில் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினார். அப்புறம் ஹுஸ்னாவின் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, ரவிக்குமார் சார் வீட்டுச் சீலிங்கைப் பாக்கணும். நீயும் வர்றியா? என் கண்ணுக்கு அது பெயிண்டாத்தான் தெரியும்."

அவரிடம் வீடு வாங்கிய இருவரில் ஒருவர் ரவிக்குமார். பள்ளி ஆசிரியர். நானும் அவர்களோடு போனேன். எங்களைப் பார்த்ததும் வாசலுக்கே வந்து, கான்ட்ராக்டரை இந்தியில் வரவேற்றார்.

"ஆயியே, தேக்கேதார் சாப். நானே கூப்பிடணும்னு இருந்தேன். வீடு எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

முதலில் பார்த்துவிட்டு, பிறகு பக்குவமாகச் சொல்வது என்றுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு போயிருந்தோம். பக்தவத்சலம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சார், இன்னிக்கு இந்த வீட்டுல படுக்காதீங்க. நான் தப்பாக் கட்டிட்டேன்."

ரவிக்குமார் சிரித்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்படி மனைவியிடம் சொன்னார். அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் கோபம். பக்தவத்சலம் கடைசி வரை வாசலிலேயே நின்று கேட்டார். இப்போது அந்தத் தளம் முட்டுகளின் மேல் நிற்கிறது. பழுது பார்க்கும் வேலை அவர் பொறுப்பில் நடக்கிறது. ரவிக்குமார் இன்னும் அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை.

6

இதுவரை எழுதியதைப் பக்தவத்சலத்திடமும் ஹுஸ்னாவிடமும் படித்துக் காட்டினேன். ரவிக்குமார் வீட்டு முட்டுக்கட்டை ஒன்றில் சாய்ந்தபடி அவர் கேட்டார்.

"எம் பேரையும் போட்டுக்குங்கம்மா. ஆனா இப்பக் குடுத்துடாதீங்க. இன்னொரு வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிருக்காங்க, வீடு பூட்டிக் கிடக்கு. அவங்க வர்ற கப்பல் வரட்டும். நான் நேர்ல போய்ச் சொல்லணும். மலர்ல படிச்சு அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது."

"போன்ல சொல்லிடலாமே" என்றாள் ஹுஸ்னா.

"சொல்லலாம். ஆனா கோபம் வந்தா எதிர்ல நிக்க ஆள் வேணாமா?"

அந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாது. அவர்கள் அவரை உள்ளே விடுவார்களா, அடிக்கக் கை ஓங்குவார்களா, உட்காரச் சொல்வார்களா? பல விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் போய்ச் சொல்லிவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் மலர்க்காரர்களிடம் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போதும் இதில் ஒரு வரியும் சேர்க்க மாட்டேன். அங்கே நடந்தது அந்த வீட்டுக்காரர்களுடையது.

ஆகவே இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், கப்பல் வந்துவிட்டது, அந்த வாசலில் அவர் நின்றும் ஆயிற்று என்று அர்த்தம். இதை எழுதுகிற எனக்கு இன்னும் அது நடக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது, கப்பல் தாமதம் என்கிறார்கள். நீங்கள் எனக்கு முன்னால் போய்விட்டீர்கள். கதவைத் திறந்தவர் என்ன செய்தார் என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.