பின்னால் பார்க்கிற ஆள்

"சும்மா மழுப்பாதீங்க. அந்த ஒத்தைக் கொம்பன் யானைக்கு இருக்கிற கொம்பு இடது பக்கமா, வலது பக்கமா?"

"ரெண்டுல ஒண்ணு."

"அது எனக்கும் தெரியும். எந்தப் பக்கம்னு கேக்கறேன்."

"பதினோரு வருஷத்துல ஆயிரம் யானை வந்து போயிருக்கு. இதெல்லாமா ஞாபகம் வெச்சுப்பாங்க?"

"போன மாசம் வெச்ச குழம்புல உப்பு கம்மின்னு இன்னைக்கும் சொல்றீங்களே, அது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தவன் கியரை மாற்றினான். பக்கத்தில் இருந்த மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு காட்டைப் பார்த்தாள். பின்னால் சுற்றுலாப் பயணிகளுக்கான ஆறு இருக்கைகளும் காலி. மழைக்காலத்துக்காக வனவிலங்குப் பூங்காவை மூடுவதற்கு முந்தைய நாள் அது. அன்று மட்டும் ஓட்டுநர்கள் வீட்டு ஆள் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரலாம். ஒவ்வொரு வருடமும் அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை குறுக்கே வந்துவிடும். இந்த வருடம் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு நகரத்துத் தலைமை அலுவலகத்தில் அதிகாரியின் கார் ஓட்டும் வேலை. அதன் பிறகு காடு கிடையாது.

பூங்கா வாசலில் காவலாளி தடையைத் தூக்கிக்கொண்டே, "ரிவர்சண்ணே, பாத்து ஓட்டுங்க. இன்னைக்குத்தான் வண்டியில முதலாளி உக்காந்திருக்காங்க!" என்று கத்தியிருந்தான். கணவனுக்கு ஏன் அப்படிப் பட்டப்பெயர் என்று அவள் கேட்டதில்லை. பேச்சை மாற்றுவதில் அவன் கெட்டிக்காரன், அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அறையில் வேலை. தரைத்தளம், ஜன்னல் கிடையாது, சலவைச் சோடா வாசனை. ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவன் சொல்லும் யானைக் கதையை மறுநாள் காலை அங்கே விரிப்புகளை மடித்தபடி அவள் சொல்லுவாள். நர்சுகள்கூட வாசலில் நின்று கேட்பார்கள். "உங்க வீட்டு யானை நேத்து என்ன பண்ணுச்சு?" என்று சலவைக்காரம்மா கேட்பாள், ஏதோ அவர்கள் வீட்டுக் கொல்லையில் கட்டிப் போட்டிருப்பது மாதிரி. ஒரு யானையையாவது தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

இப்போது காட்டுக்குள் வந்து ஒரு மணி நேரம். மான்கூட்டத்தை அவள்தான் முதலில் பார்த்தாள். மரக்கிளையில் பெரிய அலகுடைய பறவையையும் அவள்தான் காட்டினாள். ஒவ்வொரு முறையும் அவன் "எங்கே?" என்று நிமிர்வதற்குள் எல்லாம் போய்விட்டிருந்தது. அவன் கண் பாதையையும் பக்கக் கண்ணாடியையும் விட்டு நகரவே இல்லை.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. நீங்க யானையைப் பாத்திருக்கீங்களா, இல்லையா?"

அவன் வண்டியை மெதுவாக்கினான்.

"பாக்காம என்ன... யானை வந்தா வழிகாட்டி எழுந்து நின்னு பேச ஆரம்பிச்சிடுவாரு. நான் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை மிதிச்சுக்கிட்டு, திரும்பிப் பின்னாடி ரோட்டைப் பாத்துக்கிட்டு இருப்பேன். பள்ளம் இருக்கா, வேற வண்டி வந்து மறிச்சு நிக்குதான்னு. துரத்திச்சுன்னா ஆறு பேரு உயிரு என் கையில. ஓரக்கண்ணுல ஏதோ சாம்பல் நிறத்துல நகரும். அவரு பேசறது காதுல விழும். அதைத்தான் வீட்டுல வந்து சொல்வேன்."

"அப்ப எல்லாமே அவரு பாத்ததா?"

"சத்தமெல்லாம் நான் கேட்டதுதான்," என்றான், குழந்தை மாதிரி.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! ஆனால் யோசிக்க யோசிக்க அந்தக் கோபம் நிற்க இடமில்லாமல் தடுமாறியது. அவன் சொன்ன கதைகளில் எப்போதும் மூங்கில் ஒடிந்தது, காது மடல் விசிறியது, புல்லைப் பிடுங்கி மண்ணைத் தட்டியது. எல்லாம் சத்தம்தான்; எதற்கும் நிறமில்லை, உருவமில்லை. பதினோரு வருடமாக அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

ஒரு வளைவு திரும்பியதும் வண்டி நின்றது. வலப்பக்கம் மூங்கில் படீரென்று ஒடிந்தது. அவன் கை தானாக ரிவர்சுக்குப் போனது. உடம்பு தானாகத் திரும்பியது. ஒரு கையை அவள் இருக்கையின் முதுகில் ஊன்றி, அவள் தோளுக்கு மேலாகப் பின்பக்கப் பாதையையே பார்த்தான்.

முன்னால், இலைகளுக்கு நடுவே, துதிக்கையின் நுனி மட்டும் வெளியே வந்து காற்றை மோந்தது. ஈரமாக, இளஞ்சிவப்புப் புள்ளிகளோடு. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால் முழு யானையும் பாதைக்கு வந்துவிடும்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திரும்புங்க," என்றாள் மெல்ல.

"பேசாம இரு."

"முன்னாடி பாருங்க. பின்னாடி நான் பாத்துக்கறேன்."

"விளையாடாதே. இது என் வேலை."

"ரோட்டைப் பாக்கறதுக்கு லைசென்சா வேணும்? பள்ளம் இருந்தா சொல்றேன், வண்டி வந்தா சொல்றேன். காலை மட்டும் கிளட்ச்லருந்து எடுக்காதீங்க."

அவன் அசையவில்லை. அவள் இருக்கையில் முட்டி போட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவன் முகத்துக்கும் பாதைக்கும் நடுவே இப்போது அவள் தலை இருந்தது. வேறு வழியில்லாமல், பயந்து பயந்து, அவன் முன்பக்கம் திரும்பினான்.

அவள் பாதையைப் பார்த்தாள். செம்மண். ஜீப் வந்த தடத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு பள்ளம், ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் தாண்டிவிடலாம். கண்ணைச் சிமிட்டக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் மூங்கில் மறுபடி ஒடிந்தது. பிறகு கனத்த மூச்சு. சேற்றில் பெரிய கால்கள் அழுந்தி எழும் ஓசை, அதற்கிடையே குடுகுடுவென்று சின்னக் கால்கள். குட்டி! அவள் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கம்பியை இறுகப் பிடித்து அதை நிறுத்தினாள்.

பக்கத்தில் அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாய் ஓயாத மனுஷன் மூச்சு விடுகிறானா என்றுகூடத் தெரியவில்லை.

"வழி காலியா இருக்கு," என்று கிசுகிசுத்தாள். "வண்டி எதுவும் வரலை. நீங்க பாருங்க."

ஒரு மழைத்துளி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"என்னங்க... எத்தனை இருக்கு? குட்டி எப்படி இருக்கு? எனக்கும் கொஞ்சம் சொல்லுங்களேன்."