இன்னும் ஆறல

மாமியார் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தால் மருமகள் என்ன செய்வாள்? தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிச் சிரிப்பாள். இந்த மருமகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கூட்டிக்கொண்டு போனவளே அவள்தானே!

அத்தைக்கு அந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. துணி ஆலையில் தையல் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷி. இறந்துபோன கணவர் அவரை "எறும்பு" என்றுதான் கூப்பிடுவாராம். சர்க்கரை டப்பாவை எந்த மூலையில் ஒளித்து வைத்தாலும் அத்தை மோப்பம் பிடித்துப் போய்விடுவார் என்பதால் வந்த பெயர். பிற்பாடு இரண்டு பேருக்குமே சர்க்கரை வியாதி வந்து அந்த டப்பாவே வீட்டைவிட்டுப் போனது வேறு கதை. கணவர் போன பிறகு அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. முன்கையில் ஒரு எறும்பு, சின்னதாக, அவ்வளவுதான் வேண்டும் என்று அத்தை பிடித்த பிடியில் நின்றார்.

மருமகள் ஒன்றும் விவரம் கெட்டவள் இல்லை. பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் வேலை. அத்தையின் ரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, புண்ணை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடும்ப டாக்டர் சொன்ன பிறகே கூட்டிப் போனாள். குத்தும்போது அத்தை கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மெஷின் ஊசி எத்தனை முறை விரலில் ஏறியிருக்கிறது, இது என்ன பெரிய ஊசி என்று கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டது மருமகள்தான்.

வீட்டுக்கு வந்த மகன் அம்மாவின் கையைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் அப்பாவுக்கு முதலில் ஷூ கடித்துக் காலில் ஒரு கொப்புளம்தான் வந்தது. அது ஆறவே இல்லை. காலை எடுத்தார்கள், பிறகு ஆளே போய்விட்டார். அம்மாவை அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்படியில் நின்ற பெண்டாட்டியிடம் வந்து மெதுவாகத்தான் சொன்னான்.

"அம்மாவுக்கு இது ஆறலன்னா, ஜென்மத்துக்கும் உன்ன மன்னிக்க மாட்டேன்."

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து சாவி எங்கே, குடை எங்கே என்பதோடு பேச்சு சரி. அம்மாவின் கைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மருந்து தடவும் நேரம் வந்தால் மாடிக்குப் போய்விடுவான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன், வீட்டுக்குள் இப்படி நடுவழியில் நின்றுபோனான்.

அவனுக்கும் சேர்த்து அவள்தான் பயந்தாள். காலையிலும் மாலையிலும் கையுறை மாட்டிக்கொண்டு, வாசனை இல்லாத சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து மெல்லக் கழுவுவாள். தேய்க்காமல் ஒற்றி எடுப்பாள். களிம்பை ஒட்டியும் ஒட்டாமலும் பூசுவாள். அடுப்புப் பக்கம் வரக் கூடாது, பாத்திரம் தொடக் கூடாது, வெயிலில் கையை நீட்டக் கூடாது என்று அவள் போட்ட சட்டத்தில் அத்தைக்கு வீடே ஜெயிலாகிவிட்டது. தன் மாமியார்கூடத் தன்னை இந்தப் பாடு படுத்தியதில்லை என்று முணுமுணுத்தபடியே கையை நீட்டுவார்.

பிறகு அரிப்பு வந்தது. சீப்பின் காம்பால் அத்தை சொறியப் போனதைப் பார்த்து இவள் போட்ட சத்தத்தில் சீப்பு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. ஒருநாள் துண்டில் கறுப்புக் கறுப்பாகத் தோல் உரிந்து வந்தது. எறும்பு ஊரை விட்டே போய்விட்டது என்று அத்தைக்கு அழுகை. பச்சை குத்திய பெண்ணிடம் போனில் கேட்டால், மேல்தோல் அப்படித்தான் போகும், உள்ளே இருப்பது எங்கேயும் போகாது என்று சிரித்தாள். போகவும் இல்லை. ஆனால் எறும்பின் கடைசிக் காலருகே மட்டும் கொஞ்சம் சிவப்பு. மருமகள் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாளைச் சாயங்காலமும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் போய்விடலாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் பல் ஆஸ்பத்திரியில் டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் அவள் போன் துடித்தது. வீட்டார் மூன்று பேருக்கும் பொதுவான வாட்ஸப் குழுவில் அத்தையின் செய்தி. ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அழுத்துகிறவர் என்பதால் எப்போதும் நாலஞ்சு வார்த்தைதான்.

"இன்னும் ஆறல. ரெண்டுபேரும் உடனே வாங்க."

அவள் உடனே போனை எடுத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அத்தை எடுக்கவில்லை. டாக்டரிடம் என்ன சொன்னாள், எப்படி வண்டி பிடித்தாள் என்பதெல்லாம் அவளுக்கே தெரியாது. போன மாமனாரையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் இறங்கினால், எதிர்ப்பக்கத்திலிருந்து கிரீஸ் அப்பிய சட்டையோடு அவனும் ஓடி வந்தான். அவனுக்கும் அதே செய்திதான் போயிருந்தது. இரண்டு பேரும் முட்டி மோதிக்கொண்டு உள்ளே போனார்கள்.

அத்தை சாப்பாட்டு மேசையருகே கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அத்தை, ஆறலன்னு போட்டீங்களே!"

"ஆமா, ஆறலதான். தொட்டுப் பாரு, சுடும்."

"எது?"

"சூப்புதான். அடுப்பு கிட்ட விடாம நீ என்னைக் கட்டிப்போட்டே. இன்னைக்குக் கை நல்லா இருக்கேன்னு வச்சேன். எப்ப வந்தாலும் ஆறிப்போச்சுன்னு இவன்தானே மூஞ்சியத் தூக்குவான்? அதான் சூடா இருக்கும்போதே வரச் சொன்னேன். போன் எங்க வச்சேன்னு தெரியல."

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. அந்த நிலையிலும் அத்தையின் கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு இல்லை. வீக்கம் இல்லை. வழவழவென்று புதுத்தோல், அதில் ஆறு காலோடும் மீசையோடும் எறும்பு.

அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த முதல் நாளுக்குப் பிறகு அம்மாவின் கையை இன்றுதான் நேராகப் பார்த்தான்.

"அப்பாவுக்கு மட்டும் ஏம்மா ஆறல?"

அத்தை கரண்டியை வைத்தார். "அவரு காட்டவே இல்லையேடா. ஷூவுக்குள்ள மறைச்சு வச்சுக்கிட்டு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே நடந்தாரு. நான் தெனமும் இவகிட்ட கைய நீட்டினேன்."

அவன் முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டு அழுதான். அப்பா போனபோதுகூட அவன் அப்படி அழுததை இரண்டு பெண்களும் பார்த்ததில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சூப் ஆறிக்கொண்டிருந்தது, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெண்டாட்டியின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"இன்னைக்கு நான் மருந்து போடுறேன். எப்படின்னு சொல்லிக் குடு."

அவள் அவனுடைய கிரீஸ் கைகளைப் பார்த்தாள்.

"மொதல்ல போய்க் கையக் கழுவுங்க," என்றாள்.